கடலுக்குச் சோறிடும் சிற்றுயிர்கள்

(சங்கத்தின் மாலை வகுப்பு மாணவ மாணவியரும் உறுப்பினர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் என்னும் பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வடமொழியில் இதற்கு மச்ச நியாயம் என்று ஒரு பெயரே உண்டு. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலும் அப்பெயர் வருகிறது. தண்டிக்கும் அரசன் இல்லாத நாட்டில் வலியவன் மெலியவனை விழுங்குவான் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. அரசன் வேண்டும் என்பதற்காக எடுத்தாளப்பட்ட உவமை அது. நாளடைவில் நாட்டு வழக்கில் அதன் பொருள் திரிந்துவிட்டது. கடனுக்காக ஒருவன் நிலத்தை இழந்தாலும், பேசிய கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டாலும், "பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத்தானே செய்யும், அது இயற்கையின் நியதி" என்று சொல்லி வாயடைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கடலின் உணவுத் தொடர். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: மீன்களைச் சாட்சிக்கு அழைக்கிறார்களே, மீன்கள் மெய்யாகவே அந்தச் சாட்சியைச் சொல்கின்றனவா? கடலுக்குள் இறங்கிப் பார்ப்போம்.

நிலத்தில் இந்தக் கணக்கு எளிது. புலி மானைத் தின்கிறது. மான் புல்லைத் தின்கிறது. புல் எதையும் தின்பதில்லை. மண்ணின் சத்தையும் காற்றையும் நீரையும் கொண்டு, வெயிலின் ஆற்றலால், அது தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. புலியின் பாய்ச்சலில் உள்ள வலிமையும் ஒரு காலத்தில் வெயிலாக இருந்ததுதான். எந்த உணவுத் தொடரின் முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும், ஏறக்குறைய எப்போதும் ஒரு பச்சை இலையில்தான் போய் நிற்போம். ஆனால் நடுக்கடலில் இலை ஏது? கரையோரத்தில் பாசியும் கடற்புல்லும் உண்டு. பாக் நீரிணைப் பகுதியில் கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். கரையை விட்டு விலகிவிட்டால் வேர் ஊன்ற இடமில்லை. கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். பயிர் வளரப் போதுமான வெயில் இறங்குவதோ மேலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் வரைதான். அதற்குக் கீழே மங்கல். இன்னும் கீழே என்றும் விடியாத இரவு.

அவ்வாறாயின் அத்தனை மீன்களுக்கும் முதல் கவளத்தைச் சமைப்பவர் யார்?

ஒரு தேக்கரண்டி கடல்நீரை அள்ளினால் அது தெளிவாகத்தான் தோன்றும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அது ஒரு தோட்டம். கண்ணுக்குப் புலப்படாத பச்சை உயிர்கள் அதில் மிதந்து திரிகின்றன. நீரோட்டம் இழுத்த வழியெல்லாம் செல்லும் இவற்றிற்கு 1887இல் செருமானிய அறிஞர் விக்டர் ஹென்சன் 'பிளாங்க்டன்' என்று பெயரிட்டார். அலைந்து திரிவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நாம் மிதவையுயிர் என்கிறோம். அவற்றுள் வெயிலில் உணவு சமைப்பவை தாவர மிதவைகள். டயாட்டம் என்னும் இனம் மணலில் உள்ள சிலிக்காவைக் கொண்டு கண்ணாடி போன்ற கூடு கட்டிக்கொள்கிறது. அக்கூட்டின் வேலைப்பாட்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

டயாட்டம் இந்தக் கூட்டத்தில் பெரியது எனலாம். அதனினும் நுண்ணியவை உண்டு. புரோக்ளோரோகாக்கஸ் என்னும் பச்சை நுண்ணுயிர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுகூட இல்லாதது. ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் உயிர்களில் நாம் அறிந்தவற்றுள் மிகச் சிறியது அதுவே. வெப்பக் கடல்களில் ஒரே மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம் வரை இருக்கும். அத்தனை இருந்தும் 1980களின் நடுப்பகுதி வரை அப்படி ஒன்று இருப்பதே மனிதருக்குத் தெரியாது. சாலி சிஷோம் என்னும் அமெரிக்க அறிவியல் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் கப்பலில் புதியதொரு கருவியை ஏற்றிச் சென்றபோதுதான் அது அகப்பட்டது. கண்ணெதிரே கோடானுகோடியாக இருந்தும் கணக்கில் சேர்க்கப்படாமல் போவது சிறியவர்களுக்குப் புதிதன்று.

இவை ஏன் இவ்வளவு சிறியவையாக இருக்க வேண்டும்? மாணவர்களே, ஒரு வெல்லக் கட்டியை நீரில் போடுங்கள்; அதே அளவு வெல்லத்தைப் பொடித்தும் போடுங்கள். பொடி முதலில் கரையும். நீரைத் தொடும் பரப்பு பொடிக்கு மிகுதி. கடல்நீரில் உரச்சத்து மிக மெலிதாகக் கலந்திருக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ள உடம்புக்கு ஏற்ற பரப்பு வேண்டும். உடம்பு சிறுத்தால்தான் அந்தப் பரப்பு கிடைக்கும். மேலும் சிறியது மெதுவாகவே மூழ்கும்; வெயிலில் கூடுதல் நேரம் நிற்கும். இவற்றின் சிறுமையே இவற்றின் திறமை.

உலகில் வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் பணியில் ஏறத்தாழப் பாதியைச் செய்பவை இந்த மிதவைகள்தாம். மற்றப் பாதிதான் காடும் வயலும் புல்வெளியும் சேர்ந்து செய்வது. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தால், உலகின் பச்சை உயிர்கள் அனைத்தின் எடையில் கடல் மிதவைகளின் பங்கு நூற்றில் ஒன்றுகூட வராது. இது எப்படி? மரம் நூறாண்டு நிற்கிறது. உடம்பைத் தண்டாகவும் கிளையாகவும் சேர்த்துவைக்கிறது. மிதவை அன்றாடம் பிறந்து, ஒன்று இரண்டாகப் பிரிந்து, அன்றாடம் தின்னப்படுகிறது. பானை சிறியது, ஆனால் அடுப்பு அணைவதே இல்லை. அதனால்தான் கடலில் சில இடங்களில் சமைப்பவற்றைவிடத் தின்பவற்றின் எடை மிகுந்து காணப்படுகிறது.

அடுத்த படியில் நிற்பவை விலங்கு மிதவைகள். துடுப்புக்காலிகள் என்னும் அரிசிக் குறுணை அளவுள்ள உயிர்கள் இவற்றுள் முதன்மையானவை. நண்டு, இறால் ஆகியவற்றின் உறவினர்கள். மீன்களின் குஞ்சுகளும் நண்டுகளின் குஞ்சுகளும்கூடச் சில காலம் இந்தக் கூட்டத்தில்தான் மிதக்கின்றன. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீல ஒளி வீசியதைப் பார்க்க மக்கள் திரண்டது சிலருக்கு நினைவிருக்கலாம். அந்த ஒளிக்குக் காரணம் நாக்டிலூகா என்னும் ஒற்றைச் செல் உயிர். டயாட்டங்களையும் பிறவற்றையும் தின்று பெருகும் அது, அலை மோதிக் குலுங்கும்போது மின்னுகிறது.

விலங்கு மிதவைகளின் வாழ்க்கையில் ஒரு வியப்பு உண்டு. பகலில் மேலே நின்றால் மீன் கண்டுகொள்ளும். ஆகவே அவற்றில் பல, பொழுது விடிந்ததும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திற்கு இறங்கி இருளில் ஒளிந்துகொள்கின்றன. பொழுது சாய்ந்ததும் மேலேறி வந்து பச்சை மிதவைகளை மேய்கின்றன. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட ஒலியலைக் கருவியைப் பயன்படுத்தியபோது, 1942இல் கலிபோர்னியாக் கடலில், கடலின் தரை இருக்கவேண்டிய ஆழத்திற்கு வெகு மேலேயே இன்னொரு தரை இருப்பதுபோல் எதிரொலி கேட்டது. இரவானால் அந்தத் தரை மேலே ஏறியது! அது மண்ணன்று, உயிர்க் கூட்டம் என்பது பின்னரே தெளிவாயிற்று. எடையாலும் எண்ணிக்கையாலும் உலகின் மிகப் பெரிய பயணம் என்று இதைக் கூறுவர். காட்டில் யானை மந்தை இடம் பெயர்ந்தால் படம் எடுக்கிறார்கள். இந்த ஊர்வலம் ஒவ்வோர் இரவும் நடக்கிறது, பார்ப்பார் இல்லை.

இனி நமக்குப் பழக்கமான ஒருவர் வருகிறார்: நெத்திலி. வாயைத் திறந்தபடி கூட்டமாக நீந்தி, மிதவைகளை வடித்தும் கொத்தியும் உண்ணும் சிறு மீன். அதைச் சூரை தின்கிறது, சீலா தின்கிறது, கடற்பறவை தின்கிறது. சூரையைச் சுறா தின்னும். இவ்வளவு சொன்னால் பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்ற பழைய பேச்சையே நாமும் சொல்வதுபோல் தோன்றும். ஆனால் கணக்கு இனிமேல்தான் தொடங்குகிறது.

பாடநூல்களில் இந்தத் தொடரைக் கோபுரம்போல் வரைவார்கள். 1927இல் சார்லஸ் எல்டன் என்னும் ஆங்கில அறிஞர் எழுதிய நூலால் பரவிய முறை அது. அடியில் பச்சை உயிர்கள், உச்சியில் சுறா. எல்டன் காட்ட விரும்பியது எண்ணிக்கையை. அடியில் இருப்பவை மிகப் பல, உச்சிக்குப் போகப் போக மிகச் சில என்பதே அதன் பொருள். நம் நாட்டில் மேல், கீழ் என்பவை வெறும் திசைச் சொற்களாக நின்றுவிடுவதில்லை. ஆதலால் படத்தைப் பார்க்கும் பிள்ளை, உச்சியில் இருப்பது உயர்ந்தது என்று தானாகவே படித்துக்கொள்கிறது. ஆசிரியர்கள் இந்தப் படத்தைக் கரும்பலகையில் ஒருமுறை தலைகீழாகவும் வரைந்து காட்டினால் நல்லது. எல்லாவற்றையும் தாங்கும் புள்ளி எது என்பது அப்போது கண்ணில் படும்.

மேலே போகப் போக ஏன் குறைகிறது? இதற்கு விடை தேடியவர் இரேமண்ட் லிண்டமன் என்னும் அமெரிக்க இளைஞர். அவர் ஆராய்ந்தது கடலை அன்று. மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள சிறியதோர் ஏரியை. அதில் உள்ள உயிர்களையெல்லாம் ஆண்டுக்கணக்கில் எண்ணியும் நிறுத்தும், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எவ்வளவு ஆற்றல் போய்ச் சேருகிறது என்று கணக்கிட்டார். அவருடைய கட்டுரையை முதலில் மதிப்பிட்ட அறிஞர்கள் அது வெறும் கோட்பாடு என்று தள்ளினர். பேராசிரியர் ஹட்சின்சன் அதற்காக வாதாடினார். 1942இல் கட்டுரை அச்சேறியபோது லிண்டமன் உயிரோடு இல்லை. முப்பது வயது நிறையுமுன்னரே நோயால் மறைந்துவிட்டார். இன்று உலகெங்கும் பிள்ளைகள் படிக்கும் பாடம் அந்தக் கட்டுரையிலிருந்து வளர்ந்தது.

பாடத்தின் சாரம் இதுதான். ஓர் உயிர் தின்றதில் பெரும்பகுதி மூச்சு விடவும் நீந்தவும் செலவாகிறது. ஒரு பகுதி கழிவாகிறது. தன் உடம்பாக மாறுவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். இடத்துக்கு இடம் இது கூடலாம், குறையலாம். கணக்குப் போடப் பத்தில் ஒன்று என்று கொள்வோம். 1,000 கிலோ பச்சை மிதவை 100 கிலோ விலங்கு மிதவையாகும். அது 10 கிலோ நெத்திலியாகும். அது 1 கிலோ சூரையாகும். அந்த 1 கிலோ சூரையைச் சுறா தின்றால் 100 கிராம் சுறா. ஆகவே சுறாக்கள் நிறைந்த கடல் என்று ஒன்று இருக்க முடியாது. பெரியவர் பலராக இருப்பதைக் கடலின் கணக்கே அனுமதிப்பதில்லை. மாறாக, சுறா இல்லாமல் நெத்திலி வாழும்; மிதவை இல்லாமல் சுறா ஒரு தலைமுறைகூட வாழாது.

அதே கணக்கிலிருந்து இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. உலகில் இதுவரை வாழ்ந்த விலங்குகளிலேயே மிகப் பெரியதாகக் கருதப்படும் நீலத் திமிங்கலம் எதைத் தின்று அவ்வளவு பெரிதாயிற்று? ஏறத்தாழ 30 மீட்டர் வரை வளரும் அது பெரிய மீனைத் தேடிப் போவதில்லை. நம் சந்தையில் கூனி இறால் விற்கிறார்களே, அதைப் போன்றதொரு சிற்றுயிர், விரல் நீளமே உள்ள கிரில், அதுவே அதன் உணவு. வாய் நிறைய நீரை வாங்கி, மேல்தாடையில் தொங்கும் நார்த் தட்டுகளால் நீரை வடித்துவிட்டு, நாளொன்றுக்குப் பல டன் கிரிலை உண்கிறது. மீன்களில் மிகப் பெரியதான திமிங்கலச் சுறாவும் மிதவைகளையும் சிறு மீன்களையும் வடித்தே உண்கிறது. காரணம் வெளிப்படை. படிகள் குறைந்தால் இழப்பும் குறையும். பெரிய மீன் பெரிய மீனைத் தின்றே பெரியதாகிறது என்று எண்ணியவர்களுக்குக் கடல் தரும் விடை இது.

திமிங்கலத்தைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் தொழில்முறை வேட்டையில் கொல்லப்பட்ட திமிங்கலங்கள் ஏறத்தாழ 29 லட்சம் என்று கணக்கிட்டுள்ளனர். பெரும்பகுதி தென்கடல்களில். நீலத் திமிங்கலத்துக்கு உலக அளவில் பாதுகாப்புக் கிடைத்தது 1966இல்தான். தின்பவர் போய்விட்டதால் அண்டார்க்டிகாக் கடலில் கிரில் பெருகி வழியும் என்று அறிஞர்கள் எதிர்பார்த்தனர். எதிர்பார்த்த பெருக்கம் காணப்படவில்லை. அக்கடலில் பச்சை மிதவைகளுக்குக் குறையாக இருப்பது இரும்புச் சத்து. 2010இல் வெளிவந்த ஆராய்ச்சி, திமிங்கலத்தின் கழிவில் கடல்நீரில் உள்ளதைப்போல் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு இரும்பு இருப்பதைக் காட்டியது. கிரிலின் உடம்பில் உள்ள இரும்பைத் திமிங்கலம் தனக்கென வைத்துக்கொள்ளாமல் மேல்நீரிலேயே உரமாகத் திருப்பித் தருகிறது. அந்த உரத்தில் மிதவை வளர்கிறது. மிதவையைக் கிரில் மேய்கிறது. சங்கிலி என்ற சொல் இங்கே போதவில்லை. வட்டம் என்பதே பொருந்தும். தின்றதைத் திருப்பித் தராத பெரியவரைக் கடலில் காண்பது அரிது. பெட்டியில் பூட்டிவைக்கும் வழக்கம் அங்கே இல்லை.

திருப்பித் தருவோர் இன்னும் உண்டு. செத்த உயிர்களின் துகளும் கழிவும் பனித்துகள்போல் ஓயாது ஆழத்துக்கு உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆழத்து உயிர்களில் பெரும்பாலானவை அந்த உதிரலை நம்பி வாழ்கின்றன. நீரில் கரைந்து வீணாகும் சத்தைப் பாக்டீரியாக்கள் உண்டு மீண்டும் உணவுத் தொடருக்குள் கொண்டுவருகின்றன. பாரூக் ஆசாம் முதலான அறிஞர்கள் 1983இல் இதைத் தெளிவாக எடுத்துரைத்தனர். வெயிலே படாத இடத்திலும் சமையல் உண்டு. 1977இல் காலாபகசுத் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், கடற்தரையின் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் செழித்திருப்பதைக் கண்டனர். வாயும் குடலும் இல்லாத பெரும் புழுக்கள், தம் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் கந்தகச் சேர்மத்தைக் கொண்டு சமைக்கும் உணவில் வாழ்கின்றன.

இப்போது ஒரு சிக்கல் எழுகிறது. சத்து உதிர்ந்து ஆழத்தில் சேர்கிறது, வெயிலோ மேலே. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை இப்படிச் சொல்லலாம்: எரு ஒரு வயலில், வெயில் இன்னொரு வயலில். இரண்டும் சேருமிடத்தில்தான் விளைச்சல். காற்று கரையோரத்து மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் எருவோடு மேலேறி வரும் இடங்கள் உலகில் சில உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பகுதியிலும் இது நிகழ்கிறது. மத்தி மீன் அங்கே பெருகுவதற்கு இது ஒரு காரணம். உலகில் இதற்குப் பேர்போன இடம் தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக் கரை.

அங்கே பெருகுவது அஞ்சோவேட்டா என்னும் மீன். நம் நெத்திலியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை உண்ண வந்த பறவைகள் சிஞ்சாத் தீவுகள் முதலிய இடங்களில் எச்சமிட்டன. மழையே அரிதான கரையாதலால் எச்சம் கரையாமல் நூற்றாண்டுக்கணக்கில் மலையாகக் குவிந்தது. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த அந்த எருவை 1840களிலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றினர். வெட்டியவர்கள் யார்? 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினர் இந்தத் தீவுகளில் தள்ளப்பட்டனர். மூச்சை அடைக்கும் எருத்தூளில், சாட்டைக்கு அஞ்சி வெட்டினர். தாங்க மாட்டாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பலர். மிதவை மீனுக்கு, மீன் பறவைக்கு, பறவை எருவுக்கு, எரு ஐரோப்பிய வயலுக்கு என்று நீளும் தொடரில் அந்தக் கூலிகளைப் பாடநூல் வரைவதில்லை. இயற்கைத் தொடர் எங்கே முடிகிறது, மனிதர் கட்டிய தொடர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காணப் பழகுவது நல்லது. முன்னதில் யாரையும் பழி சொல்ல இயலாது. பின்னதில் சொல்ல இயலும்.

எரு தீர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் மீனையே அள்ளத் தொடங்கினர். 1970இல் பெருவின் அஞ்சோவேட்டாப் பிடிப்பு 1 கோடியே 20 லட்சம் டன்னைத் தாண்டியது. உலகில் வேறெந்த ஒரு மீனும் அவ்வளவு பிடிபட்டதில்லை. அதில் மனிதர் உண்டது மிகச் சிறிது. ஏறத்தாழ எல்லாவற்றையும் அவித்துப் பொடியாக்கிச் செல்வ நாடுகளின் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக அனுப்பினர். 1 கிலோ மீன்தூள் செய்ய 4 முதல் 5 கிலோ மீன் வேண்டும். அந்தத் தூளைக் கோழி தின்று, கோழியை மனிதர் தின்னும்போது, லிண்டமனின் கணக்குப்படி இன்னும் ஒரு படி இழப்பு. பசித்தவர் நேரே உண்ணக்கூடிய மீன் அவ்வாறு போயிற்று.

1972இல் எல் நினோ வந்தது. கிறிஸ்துமஸ் ஒட்டி வரும் வெப்ப நீரோட்டத்துக்குப் பெரு மீனவர்கள், குழந்தை ஏசுவை நினைந்து, இட்ட பெயர் அது. வெப்பநீர் மேலே மூடிக்கொள்ள, ஆழத்து எரு மேலே வருவது நின்றது. மிதவை குன்றியது. அளவு மீறிப் பிடித்ததால் ஏற்கெனவே இளைத்திருந்த மீன்கூட்டம் சரிந்தது. 1973இல் பிடிப்பு ஏறத்தாழ 20 லட்சம் டன்னாக விழுந்தது. பறவைகள் பட்டினியால் மடிந்தன, ஆலைகள் நின்றன. கண்ணுக்குத் தெரியாத மிதவை ஒரு பருவம் சமைக்காமற்போனால் ஒரு நாட்டின் கருவூலமே ஆட்டங்காணும் என்பதை உலகம் அப்போது கண்டது.

தொடரின் வழியே உணவு மட்டும் ஏறுவதில்லை, நஞ்சும் ஏறும். உணவு ஏற ஏறக் குறைகிறது. சில நஞ்சுகள் ஏற ஏறப் பெருகுகின்றன. உடம்பால் எரிக்கவோ எளிதில் வெளியேற்றவோ முடியாதவை அவை. ஆயிரம் மிதவைகளில் சிதறிக் கிடந்தது ஒரு மீனின் தசையில் சேர்ந்துவிடுகிறது. பாதரசத்தின் ஒரு வடிவம் இவ்வாறு நீரில் இருப்பதைவிட லட்சம் மடங்குக்கும் மேலாகப் பெரிய மீன்களில் சேரக்கூடும்.

ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. முதலில் பூனைகள் வெறிகொண்டு சுழன்று கடலில் விழுந்தன. பின்னர்க் குழந்தைகளுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது, பேச்சுக் குழறியது. 1956 மே 1ஆம் நாள் இந்நோய் முறையாக அறிவிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோரில் மிகுதியானோர் அன்றாடம் மீனையே உண்டு வாழ்ந்த ஏழை மீனவக் குடும்பத்தினர். தொற்றுநோய் என்று அஞ்சி அக்கம்பக்கத்தார் அவர்களை ஒதுக்கினர். அவர்கள் வீட்டுக்குள் கால் வைக்க மறுத்தனர். ஆலையின் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஹொசொகாவா, 1959இல் ஆலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டிச் சோதித்து உண்மையைக் கண்டார். அம்முடிவை நிர்வாகம் வெளியிடவில்லை. கழிவு மேலும் ஒன்பது ஆண்டுகள் கடலில் கலந்தது. அரசு ஏட்டில் நோயாளிகளாக ஏற்கப்பட்டோர் மட்டும் 2,200க்கு மேற்பட்டோர். ஏற்கப்படாமல் வழக்காடியவர்கள் பன்மடங்கு. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரையே வைத்துள்ளனர்.

இதிலிருந்து நம் வீட்டுச் சமையலுக்கு ஒரு செய்தி உண்டு. தாய்மார்கள் கவனிக்க வேண்டும். வயதில் மூத்த பெருஞ்சுறா போன்ற மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. நெத்திலி, மத்தி போன்றவை வெயிலுக்கு அண்மையில், தொடரின் தொடக்கத்தில் உண்பவை, ஆயுளும் குறைவு. ஆதலால் நஞ்சு சேர்வது குறைவு. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. கருவாட்டின் மணத்தைச் சொல்லி நம் பிள்ளைகளை வகுப்பில் கேலி செய்வோர் உண்டு. அப்பிள்ளைகள் இந்தக் கணக்கை அறிந்திருத்தல் நலம். உப்பை மட்டும் நன்றாகக் கழுவிச் சமைக்க வேண்டும்.

நம் கரையிலும் இப்போது சிறு மீன்கள் மீன்தூள் ஆலைக்குப் போகின்றன. இழுவலையில் பெரிய மீனோடு சிக்கும் குஞ்சுகளும் அதில் அடக்கம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை இருக்கிறது. 2017 முதல் அது 61 நாள். மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு வளரட்டும் என்பது நோக்கம். அந்நாட்களில் மீன் விலை ஏறுவதைக் கண்டு முணுமுணுப்பவர்கள், குஞ்சு மீன் முதலில் மிதவைக் கூட்டத்தில்தான் வளர்கிறது என்பதை நினைவில் கொள்ளலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தந்து அமர்கிறோம். அடுத்த சுற்றுலா கடற்கரைக்கு என்று முடிவாகியிருக்கிறது. பழைய மெல்லிய வேட்டித் துணியைக் கூம்பாகத் தைத்து, வாயில் ஒரு கம்பி வளையமும், நுனியில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியும் கட்டுங்கள். பெரியவர் துணையோடு, மீனவர் ஒருவரிடம் கேட்டு, அவர் படகின் பின்னால் அதைக் கயிற்றில் கட்டி மெதுவாகப் பத்து நிமிடம் இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். குப்பியில் சேர்ந்த நீரை வெயில் படாமல் அன்றே பள்ளிக்குக் கொண்டுவந்து, ஒரு சொட்டை நுண்ணோக்கியின் கீழ் வையுங்கள். துள்ளித் துள்ளி ஓடுவது துடுப்புக்காலி. அசையாமல் கண்ணாடிபோல் மின்னுவது டயாட்டம். புரோக்ளோரோகாக்கஸ் வேட்டித் துணியில் நிற்காது. அதைப் பிடிக்க வேறு வழி வேண்டும். கண்டவற்றையெல்லாம் படம் வரைந்து, எத்தனை வகை என்று எண்ணி, அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள்.